கம்பெனி பெயிண்ட்

பெயிண்டர் என் கையிலிருந்த சீட்டை வாங்கவே இல்லை.

காரின் கதவோரத் தகட்டில் இருந்த நிற எண்ணைக் கவனமாக எழுதி வந்திருந்தேன். அந்த எண்ணுக்குக் கலந்தால் புது நீலம்தான் வரும், இருபது வருட வெயிலில் வெளுத்த இந்த நீலம் வராது என்பதையும் படித்து வைத்திருந்தேன்.

கார் என் மாமியாருடையது. இருப்பதிலேயே சின்ன வண்டி, அவர் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. "இன்னும் கம்பெனி பெயிண்ட்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆறு மாதத்துக்கு முன் சாவியைத் தந்தபோதும் மிரட்டித்தான் தந்தார். "ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்குத் திரும்பி வந்துடணும்."

வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிற வேலை எனக்கு. சாவி போனால் வேலையும் போகும்.

ஆறு மாதமாக ஒரு கீறல்கூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இன்று காலை ஒரு நோயாளி வீட்டு கேட் தூணில் பின்கதவை உரசிவிட்டேன். ஒரு சாண் நீளம்.

அத்தை பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும்.

பெயிண்டர் அலமாரியிலிருந்து பாதி காலியான பாட்டில் ஒன்றை எடுத்துக் குலுக்கினார். ஓர் அட்டைத் துண்டில் பூசி, ஹேர் டிரையரால் காயவைத்து, வெயிலுக்குக் கொண்டுவந்து கதவில் வைத்தார்.

அட்டை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"கலக்காமலே எப்படிங்க இவ்வளவு கச்சிதமா?"

"இந்த வண்டிக்குன்னே கலந்து வச்சதும்மா. முன் பம்பர்ல ரெண்டு, இடது பக்கம் ரெண்டு, நாலும் இந்த ஆறு மாசத்துல அடிச்சது. ஞாயித்துக்கிழமை காலையில அந்தம்மாவே எடுத்துட்டு வருவாங்க. ஓட்டுற பொண்ணுக்குத் தெரிஞ்சா பயந்துடும், அப்புறம் வண்டியைத் தொடாதுன்னு..."

என்னை நிமிர்ந்து பார்த்தவர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

அவர் காட்டிய இடங்களைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

பாட்டிலை மூடச் சொன்னேன்.

கீறலோடு வீட்டுக்குக் கிளம்பினேன். ஆறு மாதமாக அத்தை திட்டிய திட்டெல்லாம் வழிநெடுக வேறு குரலில் கேட்டது. கண் கலங்கினால் ஓட்டக் கூடாது என்று இரண்டு இடத்தில் ஓரமாக நிறுத்தினேன்.

வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் அத்தை. பின்கதவு அவர் கண்ணில் படும்படி நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"அஞ்சாவது தடவையா கீறிட்டேன், அத்தை."

அத்தை குழாயை மூடினார். குனிந்து, ஈரக் கட்டைவிரலால் கீறலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார். நான் நீட்டிய சாவியை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காதே" என்றார்.

பிறகு, செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அஞ்சு இல்ல, நாலு. பம்பர்ல ஒண்ணு நான் இடிச்சது."