ஆள் இல்லாத முகவரி

'இந்த இணைய முகவரியில் எதுவும் இல்லை' என்று மறுபடியும் அடம்பிடித்தது, மென்பொருள் தொகுப்பில் உள்ள இணைய முகவரிகளைச் சரிபார்க்கும் சோதனைக் கருவி. தொகுப்பை இன்றைக்குள் சமர்ப்பித்தாக வேண்டும்.

"பாரு, நான் தொட்டா பக்கம் ஜம்முன்னு திறக்குது," என்று மனைவியிடம் பொருமினார் புரோகிராமர். "கருவி போய்த் தட்டினா மட்டும், ஆளே இல்லாத மாதிரி கமுக்கமா இருந்துக்குது. என்ன ஜென்மமோ!"

தொகுப்பைப் பரிசீலிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: 'முகவரி சரியானதே. சோதிக்க வரும் கருவிக்கு மட்டும் திறப்பதில்லை.'

வாசலில் மணி அடித்தது.

"உஷ்! ஏதாவது விக்க வந்திருப்பான். மூச்சு விடாதே," என்று மனைவியை அடக்கினார் புரோகிராமர்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் நிம்மதியாகத் தொகுப்பைச் சமர்ப்பித்தார்.

சற்று நேரத்தில் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. படித்தவர் துள்ளி எழுந்தார்.

"அநியாயம்! நம்ம பாஸ்போர்ட்டுக்கு விலாசம் சரிபார்க்க வந்த அதிகாரி, 'இந்த முகவரியில் யாரும் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாராம்! குத்துக்கல்லாட்டம் ரெண்டு பேர் உள்ளேதானே இருக்கோம்?"

மனைவி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அந்தக் குறிப்பையே அவங்களுக்கும் அனுப்பிடுங்க. 'கருவி'ங்கிற இடத்துல 'அதிகாரி'ன்னு மாத்தினாப் போதும்."