இடது ஏழு, வலது எட்டு

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நீயே பாரு" என்று மேனேஜர் மூடியைத் திறந்து காட்டினார்.

இடது கால் ஷூ ஏழாம் நம்பர். வலது எட்டு.

"இந்த வாரத்துல மட்டும் இது மூணாவது பெட்டி. கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் வேலை பார்க்கறியா?"

குடோனைப் பார்த்துக்கொள்கிறவர் பதில் சொல்லவில்லை. செருப்புக் கடையில் அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயரே கப்சிப். பெட்டியை வாங்கி, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றிப் போடுவதுபோல மேல் தட்டில் வைத்தார்.

மேனேஜருக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. முதலாளியம்மாவின் மகன் படிப்பை முடித்த கையோடு கடைக்குள் நுழைந்து, ரெண்டு நாளைக்கு முன்னால் ஐந்து வேலையாட்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். அதில் ஒரே கேள்வி. 'இந்த ஆண்டு நீங்கள் புகுத்திய புதுமை என்ன?' யாருடைய பதில் சோடையோ, அவருக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை.

கல்லாவில் இருக்கிற அம்மா, பில்லோடு புன்னகையும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதியிருந்தார். ஒரு விற்பனைக்காரர், ஷூவுக்குள் சென்ட் அடித்துக் கொடுப்பதாக எழுதியிருந்தார். அடித்த அன்றைக்கு நாலு வாடிக்கையாளர்கள் தும்மிக்கொண்டே போனதை எழுதவில்லை.

கப்சிப்பின் தாள் மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

"புதுமைன்னா என்னங்க சார் அர்த்தம்?"

மேனேஜர் பொறுமையாகத்தான் விளக்கினார். "இதுவரைக்கும் இங்க இல்லாத ஒண்ணை நீ கொண்டு வரணும். பெருசா கண்டுபிடிக்கணும்னு இல்லை. செய்யற வேலையையே வேற மாதிரி செஞ்சாலும் அது புதுமைதான். ஆனா அதால நாலு பேருக்கு உபயோகம் இருக்கணும்."

கப்சிப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அப்படி எழுதற மாதிரி ஒண்ணும் இல்லைங்க சார்."

"ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வைக்கிறவன் பேசற பேச்சா இது? ஒரு பொய்யாவது எழுதித் தொலையேன்ப்பா."

"பொய் எதுக்குங்க."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் ஒரு நர்ஸ் வந்தார். முன்னால் அடுக்கியிருந்த எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே குடோன் பக்கம் போனார். இது வேற நடக்குதா என்று மேனேஜர் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"இப்ப சரியா இருக்காம்மா?" கப்சிப்பின் குரல்.

"இடது கால்ல பஞ்சு அடைக்காம நடந்து எத்தனை வருஷமாச்சு, தெரியுமாண்ணே. ஆமா, அந்த நம்பர்?"

"அடியில ரெண்டுலயும் எட்டுன்னே ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். யாரு கவிழ்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது."

நர்ஸ் போனதும் மேனேஜர் உள்ளே நுழைந்தார். மேல் தட்டில் காலையில் வைத்த பெட்டி இல்லை.

"இப்படி எத்தனை பேருப்பா?"

மாட்டிக்கொண்டவர்போல கப்சிப் நெளிந்தார். "முப்பத்தி நாலு பேருங்க. ஒருத்தருக்கு இடது கால் பெருசுன்னா, எங்கேயோ இன்னொருத்தருக்கு வலது பெருசா இருக்கும். அவங்க வர்ற வரைக்கும் மிச்ச ஜோடி பெட்டியில காத்திருக்கும். அவ்வளவுதான்."

"அடப்பாவி, இதைத்தானேப்பா எழுதச் சொன்னேன்."

"எழுதினா சின்ன முதலாளி வாசல்ல போர்டு வைப்பாருங்க. போர்டு வெச்சா இவங்க யாரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. வெளிய சொல்ல மாட்டேன்னு ஒவ்வொருத்தருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்களும் கேட்கலைன்னு வெச்சுக்கங்க சார்."

சாயங்காலம் மேனேஜர் ஐந்து தாள்களையும் முதலாளியம்மாவின் மேஜையில் வைத்தார். மகன் என்ன திட்டம் போட்டாலும் கடைசி வார்த்தை அந்த அம்மாவுடையதுதான்.

சென்ட் அடித்த கதையைப் படித்துச் சிரித்தார். வெறுந்தாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே எழுதலையா?"

மேனேஜருக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"எழுதலைங்கம்மா. ஆனா அவரை மட்டும் அனுப்பிடாதீங்க. ஏன்னு என்னைக் கேட்காதீங்க."

"கேட்கலை" என்றார் முதலாளியம்மா. ரெண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மாதிரி ஒரு மூச்சு அவரிடமிருந்து வெளியே வந்தது. "யாரும் போக வேண்டாம். பையன்கிட்ட நான் பேசிக்கறேன்."

எழுந்தவர், மேஜைக்கு அடியில் கழற்றி விட்டிருந்த செருப்பைக் காலால் துழாவினார். இரண்டும் தள்ளிப் போய்க் கவிழ்ந்து கிடந்தன. மேனேஜர் குனிந்து எடுத்தார்.

இரண்டின் அடியிலும் ஆறு என்றுதான் ஒட்டியிருந்தது. ஆனால் ஒன்று, மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம்.