ஒரு சைபர் குறைவு

“பேப்பர்ல போட்ட விலைக்குத் தரமாட்டேன்னா அப்புறம் எதுக்கு மேடம் போட்டீங்க?”

கடை மேலாளருக்கு மண்டை கொதித்தது. விளம்பரம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நாற்பதாயிரம் விலையுள்ள வாஷிங் மெஷின் நாலாயிரம் என்று அச்சாகி, ஊரே படையெடுத்து வந்து கத்திவிட்டுப் போயிற்று. இன்று இவள். ‘ஒண்ணே ஒண்ணு அந்த விலைக்குப் போனாலும் உன் சீட்டு கிழியும்’ என்று முதலாளி சொன்னது இன்னும் காதில் இரைந்துகொண்டிருந்தது.

“விளம்பரம்னா கடைக்கு வாங்கன்னு கூப்பிடறது, அவ்வளவுதான். நீங்க கேட்கணும், நாங்க சரின்னு பில் போடணும். அப்பதான் ஒப்பந்தம். சட்டமே அப்படித்தான்.”

“நல்லா இருக்கே சட்டம்! தப்பு உங்களுது, அலையறது நாங்களா?”

“டைப் பண்ணினவ ஒரு சைபரை முழுங்கிட்டா. அதுக்கு என் கழுத்தைப் பிடிச்சா?”

வந்தவளின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு குரல் இன்னும் ஏறியது.

“உங்களுக்கு வேண்டியவங்களுக்குப் பின்பக்கமா நாலு தள்ளிவிட்டிருப்பீங்க. எங்களைப் பார்த்தாத்தான் இளக்காரம்.”

அது சுருக்கென்று தைத்தது. பதினெட்டு வருடத்தில் இந்தக் கடையிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. வாடிக்கையாளரிடம், முதலாளியிடம், வீட்டில் என்று எல்லா இடத்திலும் விழுங்கிய கோபம் மொத்தமும் இப்போது தொண்டைக்கு வந்துவிட்டது.

“யாரைப் பார்த்து என்ன பேசறே? ஒரு மெஷின், ஒரே ஒரு மெஷின் அந்த விலைக்குப் போயிருந்தா நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்க மாட்டேன்!”

“வாயால யார் வேணா சொல்லலாம். எழுதித் தருவீங்களா?”

“ஏன், எனக்கென்ன பயம்?”

கடையின் பெயர் அச்சிட்ட தாளை இழுத்து, தாள் கிழிந்துவிடும் வேகத்தில் எழுதினாள். விளம்பர விலை கடையைக் கட்டுப்படுத்தாது. அந்த விலைக்கு ஒரு மெஷின்கூட விற்கப்படவில்லை. கையெழுத்து, தேதி, முத்திரை.

“இந்தா. எந்தக் கோர்ட்ல வேணா கொண்டுபோய்க் காட்டு!”

சண்டையில் வென்றதுபோல் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

வந்தவள் அதை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அங்கதான் மேடம் காட்டப்போறேன். அந்த விளம்பரத்தை டைப் பண்ணினது என் தங்கச்சி. பத்து மெஷினை அந்த விலைக்கே வித்துட்டோம், நஷ்டத்தை நீதான் கட்டணும்னு உங்க முதலாளி அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்காரு.”