பெரட்டுல கேட்ட கேள்வி

"எனக்கென்ன வேலையா? நல்லாக் கேட்டீங்க கிராணியாரே. கேம்ப் அடிக்க வந்தவன் மீன் புடிக்கணும், போட்டோ எடுக்கணும், வாயை மட்டும் தொறக்கக் கூடாது, அதானே? முடியாதுலா. லயத்து வீடுங்கள்ல இருக்கற பிள்ளைங்க நாலு பேரு வயித்தால போயி தானா ராத்தா ஆஸ்பத்திரியில கெடக்குது. பைப்புத் தண்ணி நாறுது. நான் கேக்காம யாரு கேப்பா?"

காலைப் பெரட்டு. பேர் கூப்பிட்டு ஆளுங்களை வேலைக்கு அனுப்புற நேரம். கொழுந்துக் கூடையும், தேயிலைச் செடி வெட்டற கவ்வாத்துக் கத்தியுமா நூறு பேரு பனியில நிக்கிறாங்க. நடுவுல செல்வராஜு. கோலாலம்பூர்ல யுனிவர்சிட்டி ரெண்டாம் வருஷம். கேண்டீன்ல குழம்பு தண்ணியா இருந்தாக்கூட மைக்கைப் புடிச்சுக் கேக்கற ஆளு.

எழுபத்தெட்டு டிசம்பர் லீவுக்குக் கூட்டாளிங்க எட்டுப் பேரோட மலையேறி வந்து ஆத்தோரமாக் கூடாரம் அடிச்சு இன்னியோட நாலு நாளாச்சு. நேத்து பஸ் ஸ்டாண்டுல லயத்து நாகமணியைப் பாத்தான். அந்தம்மா மகளுக்கு ஆஸ்பத்திரியில டிரிப் ஏறுது. கதையைக் கேட்டதுல இருந்து இவனுக்குத் தூக்கமே இல்ல. இருட்டோட கெளம்பி வந்துட்டான்.

ஆபீஸ் கணக்கு எழுதற கிராணி தங்கையா பேர் புஸ்தகத்தை மூடுனாரு.

"தம்பி, ஆபீசுக்குள்ள வாங்க. தனியாப் பேசுவோம்."

"தனியாவா?" செல்வராஜு கூட்டத்துப் பக்கம் திரும்புனான். "கேட்டுக்கிட்டீங்களா? தனியாக் கூப்பிடறாரு. உள்ள போனா காப்பி வரும், பிஸ்கோத்து வரும். வெளிய வரும்போது எனக்கு வாயி இருக்காது."

நாலு பேரு சிரிச்சாங்க. கிராணி சிரிக்கல.

"பைப்பை மூடியாச்சு தம்பி. பத்து மணிக்குத் தண்ணி லோரி வருது. தொட்டியைக் கழுவ ஆள் போட்டாச்சு. இனிமே ஒண்ணும் வராது."

"நான் அதையா கேட்டேன்? அசிங்கம் எங்கேருந்து வந்துச்சு? தொரை பங்களா சாக்கடை எந்தப் பக்கம் ஓடுது?"

"கீழ் பக்கம்."

"மருந்து அடிக்கிற டிரம்மை எங்க கழுவறீங்க?"

"பேக்டரி பின்னால. அதுவும் கீழதான்."

"எல்லாம் கீழதான். அப்ப மேலேருந்து பேயி வந்து பண்ணிட்டுப் போச்சா?"

கிராணி பேர் புஸ்தகத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு.

"ஆத்துல தண்ணி புடிக்கிற பைப்புத் தலை வரைக்கும் போய்ப் பாத்தீங்களா இல்லையா? நாற்காலியிலேயே உக்காந்துட்டீங்களா?"

"போனோம். நானும் வாட்ச்மேன் சிவசாமியும். பெரட்டுக்கு முன்னாலதான் போயிட்டு வந்தோம்."

"யாரு பண்ணுனதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

நாகமணி புருஷன் கருப்பையா ரெண்டடி முன்னால வந்தாரு. கவ்வாத்து கேங்கு. கத்தி கையிலதான் இருந்துச்சு.

"பேரைச் சொல்லுங்க கிராணி."

"இதுக்குத்தான் தம்பி உள்ள வாங்கன்னேன்," கிராணி மெதுவாச் சொன்னாரு. "இவங்களைப் போய் வேலையைப் பாக்கச் சொல்லிடறேன். நீங்க வாங்க."

"பாருங்க, இன்னும் காப்பாத்தறாரு." செல்வராஜு குரலை ஒசத்துனான். "ஒரு பொண்ணு சாகக் கெடக்குது, இவரு அவனுக்குக் கொடை புடிக்கிறாரு. அவன் தொரையா இருந்தா என்ன, தொரை வீட்டு நாயா இருந்தா என்ன? பேரு வர்ற வரைக்கும் ஒரு ஆளு மலைக்குப் போகப் போறதில்ல. அப்படித்தானேக்கா?"

நாகமணி தலையாட்டுனாங்க. பக்கத்துல இருந்த பாஞ்சாலையும் கூடையை இறக்கி வெச்சுட்டாங்க. ஒண்ணொண்ணா எல்லாக் கூடையும் தரையில இறங்குச்சு.

கிராணி வாட்ச்மேன் பக்கம் திரும்புனாரு.

"சிவசாமி, மேசைக்கடியில போட்டமே, அந்தப் பலகையக் கொண்டா."

சிவசாமி கொண்டாந்து தூக்கிப் புடிச்சாரு. சிவப்புப் பெயிண்டுல, குண்டு குண்டா, அழகான எழுத்து.

'ஆண்கள் கழிப்பிடம்.'

யாரோ சிரிச்சாங்க. செல்வராஜு சிரிக்கல. அது அவன் எழுத்து. வந்த அன்னிக்குக் கூட்டாளி லெட்சுமணன் எங்கேருந்தோ ஒரு பலகையைப் புடுங்கிட்டு வந்தான், இவன் எழுதிக் குடுத்தான். எங்கேருந்துன்னு கேக்கல. எல்லாத்தையும் கேக்கறவன் அதை மட்டும் கேக்கல.

சிவசாமி பலகையைத் திருப்புனாரு. அந்தப் பக்கம் எஸ்டேட்டு எழுத்து.

'லயத்துக் குடிதண்ணி. இதுக்கு மேல போகாதீங்க.'

"பைப்புத் தலைக்கு இருபதடி மேல, கரையோரமா ஒரு குழி. குழிக்கு முன்னால இது நட்டிருந்துச்சு." கிராணி செல்வராஜு மூஞ்சியைப் பாக்கவே இல்ல. கருப்பையா கையைத்தான் பாத்தாரு. "கேம்ப் அடிக்க எத்தனையோ பேரு வர்றாங்க, போறாங்க. இன்னாருன்னு சொல்ல முடியாது. தெரியும்னு நான் சொன்னது தப்பு."

செல்வராஜு வலது கையைப் பின்னால கொண்டு போனான்.

நாகமணி முன்னால வந்து அவன் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"பாத்தியா, மறுபடியும் மழுப்பறாரு. நீ விட்றாத தம்பி. எழுதுன கை யாரு கைன்னு கேளு. இங்கயே, எல்லாரு முன்னாலயும் பதில் சொல்லச் சொல்லு."