கடைசிக் கட்டில்

"வந்துட்டியா?" என்றாள் கிழவி. கண் திறக்கவில்லை. கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து நீண்டு, கட்டிலருகே வந்தவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வந்துட்டேன்" என்றாள் அவள். காலி ஃபிளாஸ்க்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெந்நீர் பிடிக்கக் கீழே இறங்கி வந்தவள். வெந்நீர் இனி அப்புறம்தான். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கைக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் வரை தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி, அவளுடைய மாமா, அதை நம்பவில்லை. "டாக்டர் பேச்சும் மழை ரிப்போர்ட்டும் ஒண்ணுதான். கேக்க வேண்டியத இப்பவே கேட்டுத் தொலைச்சிடு" என்று காலையிலேயே எரிந்து விழுந்தார்.

கேட்கத்தான் வந்திருந்தாள். அழுவதற்கு அல்ல.

அம்மா இதே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். பெட்பேன் கழுவி, விரிப்பு மாற்றி, ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அம்மா ஓட மாட்டாள். ஆளில்லாமல் சாகக் கிடக்கும் யாருக்காவது துணையாக இருந்துவிடுவாள். வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெபக்காரம்மா என்றால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும்.

அப்பா வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மதியம், அம்மா ஒரு லாரி கிளீனருக்குத் துணையாக இருந்தாள். ஊர் பேர் தெரியாதவன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் போய்ச் சொல்லியும் "இதோ வரேன்" என்று அனுப்பிவிட்டாள். அவள் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்குத் தாடை கட்டியாகிவிட்டது.

பள்ளிக்கூட யூனிபார்மோடு அப்பாவின் தலையை மடியில் தாங்கியிருந்தவள் மகள்தான். "உங்கம்மா எங்கே?" என்று அவர் கேட்கக் கேட்க, "தெருமுனைக்கு வந்துட்டாங்கப்பா" என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தவளும் அவள்தான்.

"அவனுக்கு யாருமில்லடி. அப்பாவுக்கு நீ இருந்தே." அம்மா சொன்னது அவ்வளவுதான். அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அம்மாவைக் கட்டிக்கொண்டு தேற்றினார்கள். ஊருக்கெல்லாம் புண்ணியவதி, சொந்தப் புருஷனுக்குத் துரோகி என்று அவர்களிடம் கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு. கத்தவில்லை. சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் அம்மாவிடம் பேசுவதையும் நிறுத்தினாள்.

தப்பு பண்ணிட்டேன் என்று அம்மா ஒருமுறை, ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். அதை வாங்காமல் இன்றைக்கு வீடு திரும்புவதில்லை. அதற்காகத்தான் பார்சல் கிடங்கில் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி லீவு வாங்கி வந்திருந்தாள்.

துடைப்பத்தோடு வந்த வார்டு ஆயா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். "காலத் தூக்கு கண்ணு. அட, நீ ஜெபக்காரம்மா பொண்ணுதானே? மூக்கப் பாத்தாலே தெரியுதே!"

"மூக்கு மட்டும்தான். வேற எதுவும் வரல."

"அதான் தெரியுதே. இந்த வாய் அவங்களுது இல்ல" என்று சிரித்தாள் ஆயா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாவம், விடிஞ்சதுலேர்ந்து வாசலையே பாத்துட்டுக் கெடந்தது. நீ வந்து உக்காந்த பிறகுதான் முகம் தெளிஞ்சிருக்கு."

கிழவியின் உதடு அசைந்தது. "தம்பி வந்தானா?"

அவளுக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது. வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை.

"பஸ் ஏறிட்டானாம். வந்துட்டே இருக்கான்" என்றாள்.

"சாப்ட்டானா?"

"வயிறு முட்டச் சாப்ட்டான். நீங்க பேசாமப் படுங்க."

கிழவியின் வாயோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

தோளில் தொங்கிய பைக்குள் போன் அதிர்ந்தது. மாமாவாகத்தான் இருக்கும். எடுக்க வேண்டுமானால் கையை விடுவிக்க வேண்டும். மெல்ல உருவிப் பார்த்தாள். பிடி இறுகியது. இழுத்திருந்தால் வந்திருக்கும். அவள் இழுக்கவில்லை.

போன் ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று பையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

கிழவிக்கு இப்போது மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒன்று வந்து, அடுத்தது வருமா என்று பார்க்க வைத்து, வந்தது. இன்னொன்று வந்தது. அதற்கடுத்தது வரவில்லை. விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

அவள் அந்தக் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள். கேட்க வந்தது இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

வார்டு வாசலில் செருப்புச் சத்தம். மாமா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார்.

"யாருடி இந்தக் கிழவி? அங்க மாடியில உங்கம்மா உன்னக் கேட்டுக் கேட்டே போயிட்டா!"