துடுப்பு வளர்ந்துவிடும்

ஏஞ்சல் மீனின் கீழ்த்துடுப்பில் பாதியைக் காணவில்லை.

செல்போன் வெளிச்சத்தைத் தொட்டியின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். கப்பி மீன்களின் வால்களும் பிய்ந்திருந்தன. காலையில் இந்த அளவுக்கு இல்லை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்றைக்கு அறுபத்திரண்டு பேருக்கு ஊசி குத்திவிட்டு வந்திருந்தேன். செருப்பைக் கழற்றியதும் எங்கேயாவது சாய்ந்தால் போதும் என்றிருந்தது. சாய இடமில்லை. சோபா முழுக்க நாத்தனாரின் தலையணை, போர்வை, மடித்த துணிகள்.

என் கணவரின் தங்கை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். எட்டு மாதமாகிறது.

புருஷனிடம் திரும்பிப் போ என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அங்கே அவள் பட்டது அப்படி.

இருப்பதே ஒரு படுக்கையறையும் கூடமும்தான். கூடத்தில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் படுத்துக்கொண்டாள். மோட்டார் சத்தம் துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

கெட்டவள் இல்லை. அதுதான் சங்கடமே. ஆபீசிலிருந்து எனக்கு முன்பே வந்து துணியெல்லாம் மடித்துவிடுவாள், என் உள்ளாடைகள் உட்பட. கரண்டிகளை இடம் மாற்றி வைப்பாள், கேட்டால் சிரிப்பாள். ஒரு நாளாவது முகத்தில் அடித்தாற்போல் பேசியிருந்தால், நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன்.

வரிமீனைப் போன வாரம் வாங்கி வந்ததும் அவள்தான். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள். கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

"கடையில ஒத்தையாக் கிடந்துச்சு அண்ணி. பாக்கவே பாவமா இருந்துச்சு."

இப்போது அது தொட்டியின் நடுவில் நின்று ஏஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

ஓரம் வெள்ளையாகப் பூத்து நார்நாராக இருந்தால் அழுகல், கவ்வி எடுத்தாற்போல் இருந்தால் கடி என்றார். பார்த்துச் சொன்னேன். கடிதான்.

"கூட்டமா இருக்கிற மீனும்மா அது. ஒண்டியா விட்டா கண்டதையும் கடிக்கும். இன்னும் அஞ்சாறு வாங்கி விடுங்க, இல்ல அதைக் கொண்டாந்து குடுத்துடுங்க. தண்ணியச் சுத்தமா வச்சிருந்தா மத்ததுக்கெல்லாம் துடுப்பு தானா வளர்ந்துடும்."

இருக்கிற தொட்டிக்கு இன்னும் ஐந்தாறா.

போனைக் காதில் வைத்தபடியே சொன்னேன்.

"இல்லங்க, இனிமே அதை இங்க வச்சுக்க முடியாது. அது வந்ததுலேருந்து யாருக்கும் நிம்மதி இல்ல. இருக்கிறவங்களுக்கே இடம் பத்தல. பாவம்னுதான் இத்தனை நாள் பொறுத்துப் பாத்தோம். எங்கயாவது அனுப்பிட்டாத்தான் எங்களுக்கு விடியும்."

பிறகு வலையை எடுத்து வரிமீனைப் பிடித்தேன். சுலபத்தில் சிக்கவில்லை. பிளாஸ்டிக் வாளியில் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றி அடியில் போய் நின்றது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்து மாற்றினேன். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

நாத்தனார் தலையில் துண்டோடு வந்தாள். வாளியைப் பார்த்தாள். சோபாவிலிருந்த துணிகளில் தன்னுடையதை மட்டும் தனியாகப் பிரித்து அடுக்கினாள்.

அவள் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது பை கதவோரம் இருந்தது.

"ஆபீஸ் பக்கத்துலயே லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் இருக்காம் அண்ணா. காலைல கிளம்பிடறேன்" என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, துண்டைக் காயப்போட பால்கனிக்குப் போனாள்.

அவர் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"என்ன சொன்ன அவகிட்ட?"

"அவகிட்ட நான் எதுவுமே சொல்லலங்க. மீன் கடைக்காரர்கிட்ட பேசிட்டிருந்தேன். அந்த வரிமீனை அனுப்பிடணும்னு சொன்னது அவ காதுல விழுந்திருக்கும்."

"அவளையும் நீ 'அது வந்துச்சா, அது சாப்பிட்டுச்சா'ன்னுதானே கேப்ப. தன்னைத்தான்னு நினைச்சிருப்பா."

"இருக்கும்."

"போய் மீனைத்தான்னு சொல்லிடேன்."

"நீங்க சொல்லுங்களேன்."

அவர் பால்கனிப் பக்கம் பார்த்தார். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நின்றபடியே குடித்தார். இன்னொரு டம்ளர் பிடித்தார்.

போகவில்லை. இருபது வருடத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அவ்வளவு நன்றியும்.

கூடத்துக்கு வந்து காலியான சோபாவில் சாய்ந்தேன். முதுகுக்குச் சுகமாக இருந்தது. அதை நினைக்கத்தான் வெட்கமாக இருந்தது.

அவரிடமும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

கடைக்காரர் பேசி முடித்துப் போனை வைத்தபோது குளியலறையில் இன்னும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் நான் "இல்லங்க" என்று ஆரம்பித்தேன்.