நாற்பதுக்கு ஒன்று குறைவு

ஒரு ஊரிலே ஒரு மழையாம். ஊர் அசுன்சியோன். மழை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு.

அந்த ஊரில் மழை வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, பல் வைத்தியர் கிடையாது, கல்யாணத்துக்கே பாதிப் பேர் வரமாட்டார்கள். நகராட்சிக் கல்லூரியின் ஓவியக் கண்காட்சிக்கு யார் வரப்போகிறார்கள்?

ஒரே ஓர் அம்மாள் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, சொட்டும் குடை, கையில் ஆளெண்ணும் கருவி. அமுக்கினால் 'டிக்'கென்று ஓர் எண் கூடும்.

"நிமியா. நகராட்சியிலேருந்து வரேன். இன்னிக்கு நாப்பது பேருக்குக் குறைஞ்சா, இந்த அஞ்சு ரூமும் திங்கக்கிழமையிலேருந்து வண்டி லைசென்ஸ் பிரிவுக்குப் போயிடும். லெட்டர் வந்திருக்குமே?"

"வந்துச்சு மேடம்," என்றான் தெர்லிஸ். மூன்றாம் வருஷ மாணவன். வருகிறவர்களை ஐந்து அறைக்கும் நடத்திப்போய்க் காட்டுவது அவன் பொறுப்பு. அவன் படம் முதன்முதலாகச் சுவர் ஏறியிருப்பதும் அங்கேதான், கடைசி அறையில்.

"மத்தவங்க எங்க?"

"முதல் ரூம்ல இருக்காங்க மேடம்."

இருந்தார்கள். எட்டுப் பேர். ஏழு மாணவர்கள், வாசல் காவலர் டோன் வில்ஃப்ரீதோ. எட்டுப் பேரும் தாடையைத் தடவிக்கொண்டு ஒரே பூசணிக்காய்ப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிமியா பூசணிக்காயைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தார். எட்டு டிக்.

தெர்லிஸ் அவரை முன்படி வழியாக, வழியிலிருந்த ஒவ்வொரு தூணையும் விளக்கியபடி, மெதுவாகக் கூட்டிப் போனான். பின்படியில் தடதடவென்று பதினாறு கால்கள்.

"என்ன சத்தம்?"

"மழை மேடம்."

இரண்டாவது அறையில் அதே எட்டுப் பேர், கோட்டு மாறி, தொப்பி மாறி. டோன் வில்ஃப்ரீதோவுக்கு மீசை முளைத்திருந்தது. எட்டு டிக்.

மூன்றாவது அறையில் அந்த மீசை கீழே விழுந்தது. தெர்லிஸுக்கு உயிரே போய்விட்டது.

நிமியா குனிந்து எடுத்தார். தூசி தட்டி நீட்டினார். "ஐயா, உங்களோடது."

"நன்றிங்கம்மா. மழைக்காலத்துல இப்படித்தான் கொட்டுது."

டிக்.

நான்காவது, சிற்ப அறை. உடை மாற்ற நேரம் கிடைக்காத இரண்டு பேர் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு சிலையாக நின்றுவிட்டார்கள். அதில் ஒரு சிலை தும்மியது. நிமியா நின்று யோசித்தார். தும்மிய சிலையை எண்ணிக்கொண்டார். தும்மாததை விட்டுவிட்டார்.

ஐந்தாவது அறையிலும் எட்டு. நிமியா கருவியைத் திருப்பிக் காட்டினார்.

"முப்பத்தொம்பது."

எட்டுப் பேரும் ஓரமாகக் கூடினார்கள்.

"நீயும் தும்மித் தொலைச்சிருக்கலாம்லடா?"

"சிலை தும்முமா? நான் ஒழுங்கா நடிச்சது தப்பாடா?"

தெர்லிஸ் மட்டும் நிமியாவின் பின்னாலேயே போனான். "என்னயும் சேத்துக்கலாமே மேடம்?"

"காட்டறவர் கணக்குல வரமாட்டார். பாக்கறவங்கதான்."

"அப்ப நீங்க?"

"நான் எண்ணறவ. எண்ணும்போது பாக்கக் கூடாது, தம்பி. கண்ணு படத்துக்குப் போனா கணக்கு தப்பிடும். ஆபீஸ் விதி."

அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. "அஞ்சு ரூம் நடந்தீங்க. ஒரு படத்தக்கூட நிமிந்து பாக்கல. நீங்கதான் இத மூடலாமா வேண்டாமான்னு சொல்லப் போறீங்க."

"ஆமா," என்றார் நிமியா. குடையை விரித்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார்.

டோன் வில்ஃப்ரீதோ மீசையைப் பையில் போட்டுக்கொண்டார். "கல்லுலகூட ஈரம் ஏறும் இந்த மழைக்கு. அந்தம்மாவப் பாரு."

எல்லாரும் வாசலை ஒட்டிய முதல் அறைக்கு வந்தார்கள். ஒரு பையன் பூசணிக்காய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றத் தொடங்கினான்.

அப்போது கதவு திறந்தது.

தலையில் பூப்போட்ட முக்காடு. கண்ணாடி இல்லை. கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தார்.

"இங்கதான் படம் வெச்சிருக்காங்களா? நான் பக்கத்துத் தெரு. மழைக்கு ஒதுங்கலாம்னு வந்தேன்."

கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு 'டிக்' கேட்டது.

பையன் பூசணிக்காயைத் திரும்ப மாட்டினான், தலைகீழாக.

"வாங்கம்மா. முதல் ரூம்லேருந்து பாக்கலாம்," என்றான் தெர்லிஸ்.

நாற்பது வாசலிலேயே ஆகிவிட்டது. அந்த அம்மாள் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தலைகீழ்ப் பூசணிக்காயைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சிற்பங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். டோன் வில்ஃப்ரீதோ கொடுத்த சூடான சிப்பா ரொட்டியைத் தின்றுகொண்டே கடைசி அறைக்கு வந்து, ஒரு படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றார். பஸ் நிறுத்தம். காலி பெஞ்சு. வேறொன்றுமில்லை.

"இதுல யாருமே இல்லயே?"

"மழை பெய்யுதும்மா," என்றான் தெர்லிஸ்.

"அட, ஆமா," என்றார். மறுபடியும் பார்த்தார்.

வாசல்வரை கொண்டுபோய் விட்டான். அங்கே அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நகராட்சியிலேருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்களாமே. எப்படி?"

"ரொம்பக் கறாரும்மா. ஒரு படத்தக்கூட பாக்கல."

"அவள எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும். ஊர்ல ஒரு கண்காட்சி விடாம போயிருக்கா, பாவம்," என்றார் அந்த அம்மாள், குடையை விரித்தபடி. "இன்னிக்குத்தான் ஒண்ணு பாத்தா."

மழைக்குள் இறங்கி நடந்து போனார்.